கடை திறக்கும் முன் மூன்று கேள்விகள்

தி.நகரின் தீ, கிண்டியின் பதிவேடு, மயிலாப்பூரின் டெபாசிட்: வணிகம் செய்பவர் அறிய வேண்டிய சட்டத்தின் அடித்தளம்

2017 மே 31, பொழுது விடியாத நேரம். தி.நகர் உஸ்மான் சாலையில் ‘தி சென்னை சில்க்ஸ்’ துணிக்கடையின் கீழ்த்தளத்திலிருந்து புகை கிளம்பியது. மேலே தங்கியிருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கிக் காப்பாற்றினார்கள். துணி அடைந்து கிடந்த கட்டடத்துக்குள் நுழைந்து தீயை அணைக்க வழியில்லை. ஒரு நாளைத் தாண்டியும் அது எரிந்தது. ஏழு மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி தானாகச் சரிந்தது, மீதியை அரசு இடித்தது. இடிக்கும் வேலையில் இருந்த இயந்திர ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2008 செப்டம்பர் 1 அன்று, ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கட்டடத்தில் பிடித்த தீயில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள்.

தி.நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் கடை நடத்துபவருக்கு வாடகை ஒப்பந்தம் தெரியும், ஜிஎஸ்டி தெரியும், எந்தப் பண்டிகைக்கு எவ்வளவு சரக்கு எடுக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் அவர் தொழிலைத் தாங்கி நிற்கும் மூன்று சட்டங்கள் பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ் வழியாகவோ சம்மன் வழியாகவோதான் முதலில் அறிமுகமாகின்றன. அப்போது கற்பதற்கு ஆகும் செலவு மிக அதிகம்.

அந்த மூன்றும் வணிகரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கின்றன. உன் கவனக்குறைவால் யாருக்குத் தீங்கு வந்தது? இது தீங்கியல் சட்டம், வக்கீல்கள் ‘டார்ட்’ என்பார்கள். உன் பெயரும் பொருளும் யாருடைய உழைப்பு? இது அறிவுசார் சொத்துரிமை. செய்யும்போது உன் மனதில் என்ன இருந்தது? இது குற்றவியல் சட்டம். கேள்விகள் மூன்றானாலும் அடியில் ஓடுவது ஒரே எதிர்பார்ப்புதான்: லாபத்தைக் கணக்கிடும்போது, அதனால் பாதிக்கப்படக்கூடிய மனிதரையும் கணக்கில் சேர்.

முதல் கேள்வி: யாருக்குத் தீங்கு?

இந்தியாவில் தீங்கியலுக்கென்று தனிச் சட்டப் புத்தகம் கிடையாது. ஒப்பந்தத்துக்கு 1872-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல இதற்கு ஒன்று எழுதப்படவே இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்துதான் இது வளர்ந்தது. அதில் சென்னை மாகாணத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

1868-இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் வழக்கில் ஒரு விதி பிறந்தது. தப்பித்தால் ஊறு செய்யும் பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவர், அது தப்பினால், கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த வழக்கில் தப்பியது நீர்த்தேக்கத்துத் தண்ணீர். சில ஆண்டுகளில் அதே கேள்வி இங்கே எழுந்தது. கார்வேட்நகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில்வே பாலங்களை அடித்துப்போயின. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி நஷ்டஈடு கேட்டது. 1874-இல் லண்டன் பிரிவி கவுன்சில் கம்பெனியின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஏரிகள் ஜமீன்தாரின் சொந்த லாபத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல, ஊருக்குச் சோறு போடுபவை, அவற்றைக் காப்பது அவர் கடமை, கவனக்குறைவு இருந்தால் மட்டுமே அவர் பொறுப்பு என்றது. மண்ணின் இயல்பைப் பார்த்துச் சட்டம் அளவுகோலை மாற்றிக்கொண்ட தருணம் அது.

தி.நகரே ஓர் ஏரியின் மேல் எழுந்த ஊர். 1920-களில் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் இந்தக் குடியிருப்பு அமைந்தது. குடியிருப்புக்காக வகுத்த தெருக்கள் இன்று நாட்டின் மிக நெரிசலான கடைவீதிகளில் சேர்ந்துவிட்டன. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடந்தவருக்குத் தீயணைப்பு வண்டி அங்கே எப்படி நுழையும் என்ற கேள்வி எழாமல் இராது. 2011 அக்டோபர் கடைசியில் விதிமீறிக் கட்டப்பட்டவை என்று இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் 2012 பொங்கலையொட்டி அவை திறந்தன. கட்டட விதி என்றதும் அதை அரசுக்கும் கடைக்காரருக்கும் உள்ள வழக்காகவே பார்க்கிறோம். உண்மையில் அது வாடிக்கையாளரின் உயிரைப் பற்றியது.

கவனக்குறைவுச் சட்டத்தின் இன்றைய வடிவம் 1932-இல் பிரிட்டனில் உருவானது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக் கடையில் தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பானப் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாக ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். பானத்துக்குக் காசு கொடுத்தவர் அவர் அல்லர், தயாரித்த கம்பெனியோடு அவருக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் கம்பெனிக்கு அவரிடம் பொறுப்பு உண்டு என்றது பிரபுக்கள் சபை. நம் செயலால் பாதிக்கப்படுவார் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஒவ்வொருவரும் சட்டத்தின் கண்ணில் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அடையாறில் ஒரு பாக்கெட் மிக்ஸர் தயாரிப்பவருக்கு, அதை அமெரிக்காவுக்குப் பெட்டியில் எடுத்துப்போய்த் தின்னும் பேரனும் பக்கத்து வீட்டுக்காரர்தான். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை எழுத்திலேயே சொல்லிவிட்டது. பொருளில் குறை இருந்து ஊறு நேர்ந்தால் தயாரித்தவர் மட்டுமல்ல, சூழ்நிலையைப் பொறுத்து விற்றவரும் இழப்பீடு தர வேண்டும்.

இதில் வணிகர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, “வேலையாள் செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?” என்ற வாதம். வேலையின் போக்கில் ஊழியர் செய்யும் தவறுக்கு முதலாளி பொறுப்பு. டெலிவரி வண்டி ஓட்டும் பையன் ஒருவரை இடித்தால் நோட்டீஸ் கடைக்கும் வரும்.

இரண்டாவது, “நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற பலகை. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தப்பட்ட கார் 1998-இல் திருடுபோனது. டோக்கனில் உரிமையாளர் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது என்று அச்சிட்டிருந்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்ட பிறகு தன் கவனக்குறைவுக்கு அச்சிட்ட வரியைக் கேடயமாக்க முடியாது என்றது. பாண்டிபஜாரில் வாடிக்கையாளரின் சாவியை வாங்கும் ஒவ்வொரு கடையும் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

மூன்றாவது, “அது என் எல்லைக்கு வெளியே நடந்தது” என்ற நினைப்பு. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணை அருகே ஒரு திருமணப் பேனர் ஸ்கூட்டரில் வந்த இளம் பொறியாளர் மீது விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மேல் தண்ணீர் லாரி ஏறியது. சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. பேனர் வைத்தவர் மீது குற்ற வழக்குப் பதிவானது. அச்சடித்துக் கொடுத்த அச்சகத்துக்கும் சீல் வைக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கும் தள்ளுபடிக்கும் நடைபாதையில் கட்டப்படும் ஒவ்வொரு தட்டியிலும் இந்த ஆபத்து இருக்கிறது.

ஒரே சம்பவம் இரண்டு நீதிமன்றங்களுக்குப் போகும் என்பதை டெல்லி உபஹார் திரையரங்கத் தீ காட்டியது. 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன, விதிக்குப் புறம்பாக இருக்கைகள் சேர்க்கப்பட்டிருந்தன. இழப்பீட்டு வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பில் 85 சதவீதத்தைத் திரையரங்கின் மீதும் 15 சதவீதத்தை மின்வாரியத்தின் மீதும் வைத்தது. அதற்கு வெளியே, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்காக உரிமையாளர்கள் மீதான குற்ற வழக்கு தனியாக நடந்து தண்டனையில் முடிந்தது. பணம் கட்டிவிட்டால் குற்ற வழக்கு முடிந்துவிடாது, தண்டனை அனுபவித்தால் இழப்பீட்டுக் கடன் தீர்ந்துவிடாது.

இரண்டாம் கேள்வி: யாருடைய உழைப்பு?

அடையாறிலிருந்து சிறிது தூரத்தில், கிண்டியில் ஜிஎஸ்டி சாலை ஓரத்தில் ஓர் அரசுக் கட்டடம் இருக்கிறது. காப்புரிமை அலுவலகமும் வணிகச் சின்னப் பதிவகமும் அங்கேதான். இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான். டார்ஜிலிங் தேயிலை முதல் மதுரை மல்லி வரை எல்லாப் பெயர்களும் இந்தக் கட்டடத்தின் பதிவேட்டில்தான் ஏறின. இந்த மூன்று சட்டங்களில் நம் ஊருக்கு மிக நெருக்கமாக வாழ்வது இதுதான், ஆனால் நம் வணிகர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் இதையே.

பெயரிலிருந்து தொடங்குவோம். பத்திரத்தைவிடப் பழக்கம் வலியது என்பதற்குத் தமிழ்நாட்டின் ஒரு மிட்டாய்க்கடை வழக்கு நாடு முழுவதற்கும் முன்னுதாரணம் ஆனது. நெல்லையப்பர் கோயில் எதிரே மங்கலான ஒரே விளக்கோடு மாலையில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடையின் அல்வாவை அறியாத தமிழர் குறைவு. அதே பெயரைச் சேர்த்து வேறொருவர் அல்வா விற்கத் தொடங்கினார், பதிவும் பெற்றுவிட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. 2015 மார்ச்சில் வந்த தீர்ப்பின் சாரம் எளிது: பதிவு என்பது ஏற்கெனவே இருக்கும் உரிமைக்குச் சாட்சி, உரிமையைப் பிறப்பிப்பது நெடுநாள் பயன்பாடும் மக்கள் நம்பிக்கையும். முதலில் பயன்படுத்தியவரின் நற்பெயரைத் தன்னுடையதாகக் காட்டி விற்றால், கையில் பதிவுச் சான்றிதழ் இருந்தாலும் அது காப்பாற்றாது.

அப்படியானால் பதிவு எதற்கு? பதிவு இல்லாதவர் தன் பெயருக்கு மதிப்பு இருக்கிறது, எதிராளி ஏமாற்றினார், தனக்கு நஷ்டம் வந்தது என்ற மூன்றையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பதிவு பெற்றவருக்கு அந்தச் சுமை பாதியாகக் குறைகிறது. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பிக்க ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். 10 ஆண்டுகள் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். மொத்தம் 45 வகைகள்: இனிப்பு, காப்பித்தூளுக்கு 30, ஆயத்த ஆடைக்கு 25, உணவகச் சேவைக்கு 43. இனிப்புக்குப் பதிவு வாங்கிவிட்டு ஹோட்டல் திறப்பவர் இரண்டாவது வகையையும் சேர்க்காமல் விட்டால் அந்தப் பக்கம் வேலி இல்லாத நிலம்.

ஊர்ப் பெயரை மட்டும் யாரும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. அடையாறும் மயிலையும் எல்லாருக்கும் பொது. ‘அடையாறு ஆனந்த பவன்’ என்று சொற்கள் சேர்ந்து, பல்லாண்டு வியாபாரத்தால் ஒரே கடையை நினைவூட்டும்போதுதான் அந்தத் தொடர் சொத்தாகிறது.

ஊர்ப் பெயர் ஒரு கடைக்குச் சொந்தமாகாத இடத்தில், அந்த ஊரின் கைவினைஞர் அனைவருக்கும் அது சொந்தமாகலாம் என்பதுதான் புவிசார் குறியீடு. காஞ்சிபுரம் பட்டு 2005-06-ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்வை போடும் முறையும், ஜரிகையின் தன்மையும் அந்தப் பதிவின் உயிர். 1928-இல் தொடங்கி, இன்று பனகல் பூங்கா எதிரே இருக்கும் நல்லி போன்ற கடைகள் வழியாகத்தான் அந்த நெசவின் பெயர் உலகம் போனது. இன்று தி.நகரில் புடவை விற்கும் ஒவ்வொரு கடைக்கும் இதனால் ஒரு கடமை வருகிறது. வேறு மாநிலத்து விசைத்தறியில் ஓடிய துணியைக் காஞ்சிபுரம் என்று சொல்லி விற்பது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை. பொய்யான புவிசார் குறியீடு இட்டால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு, தறியில் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒரு புடவையை முடிக்கும் நெசவாளிக்கு. அவருடைய கூலி அந்தப் பெயரின் நம்பகத்தில்தான் தொங்குகிறது.

அடுத்து பதிப்புரிமை. மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் பாடப்படும் தியாகராஜ கீர்த்தனை யாருக்கும் சொந்தமல்ல. 1847-இல் மறைந்தவரின் படைப்புக்கு உரிமைக்காலம் என்ற பேச்சே இல்லை. இந்தியாவில் ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும்தான் அது நீடிக்கும். ஆனால் அதே கீர்த்தனையை நேற்று மாலை ஒரு பாடகர் பாடினால், அந்தக் கச்சேரியில் அவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. அதைப் பதிவு செய்த நிறுவனத்துக்கு ஒலிப்பதிவில் உரிமை உண்டு. சபா வாசலில் செல்பேசியில் பிடித்து யூடியூப்பில் ஏற்றி விளம்பர வருமானம் பார்ப்பவர் பாடகரின் உரிமையை மீறுகிறார். இளையராஜா சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திவரும் வழக்குகள் தமிழர்களுக்கு இதையே கற்றுத் தந்தன: ஒரு பாட்டுக்குள் மெட்டு, வரி, ஒலிப்பதிவு என்று வெவ்வேறு உரிமைகள் அடங்கியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் உரியவர் வேறாக இருக்கலாம். கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போடச் சட்டமே விலக்கு தருகிறது. துணிக்கடையிலும் ஓட்டலிலும் வாடிக்கையாளரைக் கவரப் பாட்டுப் போட அந்த விலக்கு கிடையாது, உரிமம் வேண்டும். வலைத்தளத்திலிருந்து எடுத்த படத்தை மெனு கார்டில் அச்சிடுவதற்கும் இதே பதில்தான்.

உரிமைக்கு எல்லையும் உண்டு என்பதைக் காட்டியதும் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை அது 2006 ஜனவரியில் நிராகரித்தது. பழைய மருந்தின் புது வடிவம், குணப்படுத்தும் திறனைக் கூட்டாதபோது, புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்று இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு சொல்கிறது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் விலை சொல்லப்பட்ட மருந்தின் இந்திய வடிவம் அதில் பத்தில் ஒரு பங்குக்குள் கிடைத்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு இது ஏதோ சட்ட நுணுக்கம் அல்ல. உழைத்தவருக்கு உரிமை கொடுக்கும் சட்டம், புதிதாக ஒன்றும் செய்யாமல் அதை நீட்டிக்கொள்ள விடுவதில்லை.

மூன்றாம் கேள்வி: மனதில் என்ன இருந்தது?

1906 அக்டோபரில் மெட்ராஸை ஒரு செய்தி உலுக்கியது. நகரத்தின் மதிப்புமிக்க ஆங்கிலேய வங்கி நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. அதிகாரிகள், விதவைகள், கோயில் அறக்கட்டளைகள், மாதச் சம்பளக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. ஆங்கிலேய ஆட்சியில் ஓர் ஆங்கிலேயப் பிரபு சிறைக்குப் போனார். மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் இந்தச் சரிவில் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடியதோடு நிற்கவில்லை. இந்தியர் பணத்துக்கு இந்தியரே பொறுப்பேற்கும் வங்கி வேண்டும் என்று முன்னின்றார். 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

அந்த ஊரில்தான் 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் இருந்தது. ‘ஃபண்டில் போட்டிருக்கிறேன்’ என்று மாடவீதிக்காரர்கள் சொன்னால் அது எந்த ஃபண்டு என்று கேட்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஓய்வுக்காலப் பணம் அங்கே இருந்தது. 2024-இல் முதிர்வுத் தொகை வரவில்லை, காசோலைகள் திரும்பின என்ற புகார்கள் குவிந்தன. ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் கைது செய்தார்கள். குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் வேலை, அதை முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதுவது சரியல்ல. ஆனால் 150 ஆண்டுப் பெயர் இருப்பதால் மட்டும் பணம் பத்திரம் ஆகிவிடாது என்ற பாடத்துக்குத் தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு, இந்த ஃபண்டைப்போல ‘நிதி’ என்ற வகையில் பதிவான நிறுவனங்களுக்கு அது இல்லை. 2014-ஆம் ஆண்டு நிதி விதிகளின்படி அவை உறுப்பினரிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம், தங்கள் சொந்த நிதியைப்போல் 20 மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது, டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யவும் கூடாது. டெபாசிட் போடப் போகிறவர் இவற்றைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உடையவர்.

1990-களில் நிதி நிறுவனங்கள் சரிந்தபோது தமிழ்நாடு தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது: 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம். வாக்களித்தபடி பணத்தைத் திருப்பித் தராத நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, டெபாசிட்தாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கத் தனி நீதிமன்றத்தை அது அமைத்தது. பொறுப்பில் இருப்பவர்களுக்கு 10 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். 2011-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது.

வியாபாரத்தில் நஷ்டம் வருவது குற்றமா? இல்லை. குற்றவியல் சட்டம் நஷ்டத்தைத் தண்டிப்பதில்லை, வஞ்சக எண்ணத்தைத் தண்டிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடி 318-ஆம் பிரிவிலும் நம்பிக்கை மோசடி 316-ஆம் பிரிவிலும் இருக்கின்றன. பணம் வாங்கும்போதே தர மாட்டேன் என்ற எண்ணம் இருந்தால் மோசடி. நேர்மையாக வாங்கி, பிறகு மனம் மாறி ஒப்படைத்ததை விழுங்கினால் நம்பிக்கை மோசடி. இரண்டையும் ஒரே புகாரில் குழைத்து எழுதுவதை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இரண்டும் இல்லாமல் வாக்கு தவறியது மட்டுமே என்றால் அது சிவில் வழக்கு. பாக்கி வசூலுக்குப் போலீஸ் நிலையத்தை நாடும் பழக்கம் நம் கடைவீதிகளில் உண்டு. அது சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, திருப்பிச் சுடவும் கூடும்.

கம்பெனிக்கு உடல் இல்லை, சிறையில் அடைக்க முடியாது. அதனால் அது குற்றவாளி ஆகாது என்ற வாதத்தை 2005-இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியது, அபராதம் விதிக்கலாம் என்றது. மறுபக்கம், டைரக்டர் என்பதாலேயே ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்று 2015-இல் சுனில் பாரதி மிட்டல் வழக்கில் சொன்னது. அவர் நேரடியாகப் பங்கெடுத்திருக்க வேண்டும், அல்லது அந்தச் சட்டமே அவரைப் பொறுப்பாக்கியிருக்க வேண்டும்.

அப்படிப் பொறுப்பாக்கும் சட்டங்களில் நம் கடைவீதிக்கு மிகப் பழக்கமானது செக் ரிட்டர்ன் சட்டம். வங்கியிலிருந்து திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம், தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனி செக் என்றால் கையெழுத்திட்டவரும் நிர்வாக இயக்குநரும் தப்ப முடியாது. வரிக்காகவும் வங்கிக் கடனுக்காகவும் மனைவியையும் மச்சினரையும் பெயரளவு டைரக்டராக்கும் குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே இராதவர் நீதிமன்ற வாசலில் தான் நிர்வாகத்தில் இல்லை என்று நிரூபிக்கப் போராட வேண்டிவரும்.

மூன்றும் சந்திக்கும் இடம்

வகுப்பில் தனித்தனியாகக் கற்பிக்கப்படும் இந்த மூன்றும் கடையில் தனித்தனியாக வருவதில்லை. ஒருவர் புகழ்பெற்ற காப்பித்தூள் பாக்கெட்டின் நிறத்தையும் எழுத்தையும் பின்பற்றி மட்டமான தூளை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அசல் கடைக்காரரின் நற்பெயரைத் தன்னுடையதாகக் காட்டியது தீங்கியல் வழக்கு. பதிவான சின்னத்தைப் பயன்படுத்தியது சொத்துரிமை மீறல். போலிச் சின்னம் ஒட்டியது 3 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். அந்தத் தூளில் கலப்படம் இருந்து யாருக்காவது உடல் கெட்டால் நுகர்வோர் ஆணையம் தனி.

சட்டமும் இப்போது ஒரு திசையில் நகர்கிறது. 2023-ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களின் 183 பிரிவுகளைத் திருத்தி, பல சிறு நடைமுறைத் தவறுகளைச் சிறைத் தண்டனையிலிருந்து விடுவித்தது. மறுபக்கம், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் முன்பு 2 ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை புதிய சன்ஹிதாவில் 5 ஆண்டாக உயர்ந்திருக்கிறது. படிவம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளும் சட்டம், உயிர் போனால் முன்பைவிடக் கடுமையாகக் கேட்கிறது. இது சரியான திசை என்றே நான் நம்புகிறேன்.

உடனே செய்யக்கூடியவை

* அவசர வழியில் சரக்கு அடுக்காதீர்கள். தீயணைப்புத் துறைச் சான்று, மின்கம்பிச் சோதனை, ஊழியருக்குத் தீயணைக்கும் பயிற்சி ஆகியவற்றின் தேதியை எழுதி வையுங்கள். கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு அந்தப் பதிவேடுதான் சாட்சி.

* மூன்றாம் நபருக்கு ஏற்படும் ஊறுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். சரக்குக் காப்பீடு மட்டும் போதாது.

* புதுப் பெயர் வைக்கும் முன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். அங்கே இலவசமாகத் தேடலாம்.

* பழைய பில், விளம்பரம், பத்திரிகைச் செய்தி, கடைப் படம் எதையும் எறியாதீர்கள். நீங்கள்தான் முதலில் பயன்படுத்தினீர்கள் என்பதை அவைதான் சொல்லும்.

* லோகோ வரைந்தவர், இணையதளம் செய்தவர், விளம்பரப் பாட்டு போட்டவர் எல்லாரிடமும் உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்குங்கள். பணம் கொடுத்தது மட்டும் எல்லா இடத்திலும் போதாது.

* தேதி போடாத செக்கில் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். நிர்வாகத்தில் இல்லாதவரை டைரக்டராக்காதீர்கள்.

* நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுங்கள். மௌனம் ஒப்புதலாக வாசிக்கப்படலாம். அவசரத் தடை கேட்காத வணிக வழக்குகளில் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும் என்பது இப்போது கட்டாயம். 2005-இலேயே நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை இந்தியாவில் முதலில் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றம்.

இவ்வளவும் கடைக்காரர் ஒருவரே சுமக்க வேண்டிய பாரமா என்று கேட்கலாம். இல்லை. தி.நகரிலும் மயிலையிலும் வணிகர் சங்கங்கள் இருக்கின்றன. விலை, வரி, பார்க்கிங் என்று கோரிக்கை வைக்கக் கூடும் அந்தச் சங்கங்கள், ஆண்டுக்கு இரண்டு மாலைகள் வக்கீலையும் தீயணைப்பு அதிகாரியையும் அழைத்துத் தமிழில் வகுப்பு நடத்தலாம். சட்டக் கல்லூரி மாணவர்களும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உதவ முடியும். புவிசார் குறியீட்டுப் பதிவகம் இந்த நகரத்தில் இருந்தும், அதைப் பயன்படுத்தத் தெரியாமல் நம் கைவினைஞர்கள் நிற்பது நியாயமல்ல.

அர்பத்நாட் சரிந்தபோது நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது, இழந்தவர்களின் பணம் முழுதாகத் திரும்பவில்லை. தண்டனை இழப்பை ஈடுசெய்யாது என்று அறிந்ததால்தான் ஒரு வக்கீல் வங்கி தொடங்கப் புறப்பட்டார். தீங்கியல் தரும் இழப்பீடும், சொத்துரிமை தரும் தடையுத்தரவும், குற்றவியல் தரும் சிறையும் எல்லாம் கெட்ட பிறகு வருபவை. அவை வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. அதை நல்லெண்ணத்தின் பொறுப்பில் மட்டும் விட்டுவிட முடியாது. வெளியேறும் வழியைத் திறந்து வைப்பது, அடுத்தவர் பெயரைத் தொடாமல் இருப்பது, அடுத்தவர் பணத்தைத் தன் பணத்திலிருந்து தனியாக எழுதி வைப்பது என்று அதை அன்றாட நடைமுறையாக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யும் கடை சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. தேவைப்படும் நாளில் சட்டம் அதன் பக்கம் நிற்கும்.